ஆளில்லாத வண்டியில் ஓர் ஆள்

"முடிஞ்சுதுங்க அம்மிணி. வாரேன்."

காளியப்பன் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். சௌந்திரமும் இந்தப் பக்கம் போனை வைத்தாள். பலகையில் சாவியைத் திருப்பிப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். கீழே மோட்டார் ஒரு தடவை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. கொல்லிமலைச் சரிவிலிருந்து சேந்தமங்கலத்துக்கு வெளியே இருந்த கம்பெனி யார்டு வரைக்கும் ஆகாயத்தில் இழுத்துக் கட்டியிருந்த கம்பி வடம் மெல்ல நகர்ந்தது. அதில் வரிசையாகத் தொங்கிய இரும்புத் தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக்கொண்டே கிளம்பின.

காலையில் பாதி வழியில் இருந்த டவர் ஒன்றில் உருளை சிக்கிக்கொண்டது. லைன்மேன் காளியப்பனைத்தான் அனுப்பினார்கள். அவன் ஏறிச் சரி பண்ணிவிட்டு, டவர் ஏணியின் உச்சியில் இருந்த கைப்பிடி சுற்றும் போனில் தகவல் சொல்லியிருக்கிறான். மெட்ராஸ் அதிகாரி வந்து இறங்குவதற்கு முன்னால் லைன் ஓடிவிட்டது. சௌந்திரத்துக்கு அப்பாடா என்றிருந்தது. தன் கையே தன்னைத் தட்டிக்கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அந்த லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மலையில் வெட்டும் கல்லை இறக்குவதற்கென்று கட்டியது அது. தொட்டியை ஓட்ட ஆள் கிடையாது. மேலே தானாக நிரம்பும், தானாக இறங்கி வரும். யார்டுக்குள் நுழைகிற இடத்தில் ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டியின் தாழ்ப்பாள் அதில் இடிக்கும். தொட்டி தலைகீழாகக் கவிழும். கல் அத்தனையும் கீழே கிணறு போல் இருந்த குழிக்குள் கொட்டும். குழியின் அடியில் கல்லை நொறுக்கும் கிரஷரின் இரும்புப் பற்கள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கவிழ்ந்த தொட்டி நிமிர்ந்து, சுற்றிக்கொண்டு, மறுபடியும் மலைக்குப் போகும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். கட்டிய புதிதில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து பார்த்தது. "டிரைவர் எங்கீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆள் இல்லையென்று சொன்னால் நம்பாமல் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

மானேஜர் மருதாசலத்துக்குக் கல் மட்டும் போதவில்லை. அதே வடத்தில் ஆள் ஏறும் கூண்டு வண்டிகளையும் மாட்டினார். மலைக்காரர்கள் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம், ஷிப்டு ஆட்கள் லாரியில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம் என்றார். அதற்கும் மேலே அவருக்கு ஒரு கனவு இருந்தது. சேலம் அப்போது நாளொரு பக்கம் வீங்கிக்கொண்டிருந்தது. ஸ்டீல் பிளாண்டு வந்த பிறகு ரோட்டில் சைக்கிளைத் திருப்ப இடமில்லை. ஜங்ஷனிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் தலைக்கு மேலே டிரைவர் இல்லாத வண்டி விடலாம் என்று அவர் எங்கெங்கோ பேசி, யார் யாரையோ பார்த்து, ஒருவழியாக மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்திருந்தார். அதிகாரி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர் கூண்டில் ஏறி மலைக்குப் போய்த் திரும்பி இறங்கும்வரை எந்த மனிதக் கையும் லைனைத் தொடக்கூடாது. தொட்டால் அது ஆளில்லா வண்டி இல்லை, கட்டை வண்டி.

"கையை மடியில வெச்சுட்டுக் கம்முனு உக்காரு அம்மிணி. நீ ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் இன்னைக்கு உன்ற சோலி" என்று சௌந்திரத்திடம் மருதாசலம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சௌந்திரம் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக்கில் படித்தவள். கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு பெண்ணைப் போட்டது கம்பெனியில் பலருக்குத் தொண்டையில் முள். "பதட்டப்பட்டுப் பொத்தானை அமுக்கிப்போடுவா" என்று அவள் காதுபடவே பேசினார்கள். மருதாசலம்தான் பிடிவாதமாக உட்காரவைத்தார். ஆனால் ஒரு தப்பு நடந்தாலும் டைப் அடிக்கிற மேசைக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார். பகல் ஷிப்டில் அவளை உட்காரவைத்து ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை. அதுவரை அந்த நாற்காலி பச்சமுத்துவுடையது.

அதிகாரி வந்தார். பூமாலை போட்டார்கள். கூண்டுக்குத் தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் கீழே வைப்பது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சக்கரமெல்லாம் தலைக்கு மேலே இருந்தது. கடைசியில் அதிகாரியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அவர் பழத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக ஏறி உட்கார்ந்தார். கூண்டின் கதவு தானே சாத்திக்கொண்டது. வண்டி யார்டை விட்டு வெளியேறி, பக்கத்து நிலக்கடலைக் காட்டுக்கு மேலே ஏறி, மலையைப் பார்த்துப் போயிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள். மருதாசலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்கு வந்து, கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் பச்சமுத்து உள்ளே வந்தான். இரண்டாம் ஷிப்டுக்காரன், வேடிக்கை பார்ப்பதற்காகச் சீக்கிரமே வந்திருந்தான். பலகையைப் பார்த்தான். ஒவ்வொரு டவரையும் தொட்டி தாண்டும்போது ஒரு சின்ன விளக்கு எரிந்து அணையும். எல்லாம் ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

"ஃபுல் ஸ்பீடுல ஓடுதாட்ட இருக்குது? அப்போ காளியப்பன் வந்து சேந்துட்டானுங்களா?" என்றான்.

"இன்னும் இல்லைங்க. அதிகாரி வரதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் முடிஞ்சுதுன்னு போன் பண்ணுனாரு. நடந்து வரணுமில்ல?"

"என்னன்னு சொன்னானுங்க?"

"முடிஞ்சுது, வாரேன்னாரு."

பச்சமுத்து பலகையை மறுபடி பார்த்தான். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். மருதாசலம் வெளியே யாருக்கோ கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பச்சமுத்து குனிந்து சௌந்திரத்தின் காதருகே வந்தான்.

"அம்மிணி, எங்கிட்ட அவன் வாரேன்னு சொன்னா, தொட்டியில ஏறிட்டேன்னு அர்த்தமுங்க."

சௌந்திரத்துக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பினாள்.

தொட்டியில் ஆள் ஏறக்கூடாது என்று டவருக்கு டவர் எழுதிப் போட்டிருந்தது. ஏறினால் வேலை போகும். ஆனால் வெயிலில் கரட்டிலும் காட்டிலும் அவ்வளவு தூரம் எவன் நடப்பான்? பழுது பார்க்கிற நாளில் மேலே கல் நிரப்புவதில்லை, தொட்டிகள் காலியாகவே இறங்கி வரும். லைன்மேன்கள் டவர் ஏணியில் நின்று அந்தக் காலித் தொட்டிக்குள் இறங்கிக்கொள்வார்களாம். பச்சமுத்து லைனை மாட்டுவண்டி வேகத்துக்குக் குறைத்து ஓட்டுவானாம். இரும்புக் கைக்குச் சற்று முன்னால் கூண்டில் ஆள் ஏறி இறங்க ஒரு மேடை இருந்தது, அங்கே தொட்டியை நிறுத்தி ஆளை இறக்கிவிட்டு, பிறகு ஓட்டுவானாம். எல்லாம் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. புதிதாக வந்தவளிடம் அதைச் சொல்லவேண்டும் என்று பச்சமுத்துவுக்குத் தோன்றவில்லை. நாற்காலி மாறிவிட்டதென்று தெரிந்தும், அந்த ஏற்பாடு இவளுக்குத் தெரியுமா என்று கேட்கவேண்டும் என்று காளியப்பனுக்கும் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவோமாம். அதனால் போகிறவனும் 'வாரேன்' என்பான், வருகிறவனும் 'வாரேன்' என்பான். இத்தனை காலமாக அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. சொல்கிற ஆள் எதிரே நிற்பான். அவன் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். போனில் கால் தெரியாது. சௌந்திரம் அந்த 'வாரேனை' விடைபெறுகிற வாரேன் என்று எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள், நீங்களும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்போம்.

அவள் போன் கைப்பிடியைச் சுற்றினாள். அந்த டவரில் மணி அடிப்பது இங்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நடந்து போயிருந்தாலும் எடுக்கமாட்டான், ஏறியிருந்தாலும் எடுக்கமாட்டான்" என்றான் பச்சமுத்து. அதைச் சொல்ல ஒரு பச்சமுத்து தேவையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இதை மானேஜர்கிட்டச் சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான். நீங்கதான பழக்கி விட்டீங்க?"

பச்சமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க அம்மிணி."

அவள் அவனை விட்டுவிட்டுக் கதவண்டை போனாள். "சார், காளியப்பன் தொட்டியில ஏறியிருப்பாரோன்னு சந்தேகமா இருக்குதுங்க" என்றாள். மருதாசலத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து உள்ளே வந்தார்.

"ஆரு சொன்னா?"

சௌந்திரம் பச்சமுத்துவைப் பார்த்தாள். பச்சமுத்து பலகையைப் பார்த்தான்.

"ஏண்டா, தொட்டியில ஏறுவானா அவன்?"

"எனக்கென்னங்க தெரியும்? ஏறக்கூடாதுன்னுதான் எழுதிப் போட்டிருக்குதுங்களே."

சௌந்திரத்துக்கு அவனை அறையலாம் போலிருந்தது. விளக்குகளைப் பார்த்தாள். அந்த டவருக்கும் யார்டுக்கும் நடுவே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தன. லைன் கிளம்பிய நேரத்தில் டவர் பக்கம் நின்ற தொட்டி இப்போது எங்கே இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். கடைசி டவரை நெருங்கியிருக்கும். அதைத் தாண்டினால் கடலைக்காடு. கடலைக்காடு முடிந்தால் குழி.

"சார், லைனை நிறுத்தட்டுங்களா?"

"பைத்தியமா உனக்கு? அந்தாளு நடு ஆகாசத்துல இருக்கறாரு. நிறுத்துனா எல்லாம் மண்ணாப் போயிரும். சேலம் போச்சு. உன்ற வேலை போச்சு. என்ற மானம் போச்சு. காளியப்பன் எங்கயாச்சும் புளியமரத்தடியில பீடி குடிச்சுட்டு உக்காந்திருப்பான்."

அது நடக்கக்கூடியதுதான். நூற்றில் பாதி அப்படித்தான் இருக்கும். அவள் நிறுத்தி, காளியப்பன் பீடி வாசனையோடு கரட்டுப் பாதையில் நடந்து வந்தால், இந்தக் கம்பெனி இருக்கும்வரைக்கும் 'பதட்டப்பட்டு அமுக்குனவ' என்ற பேர்தான் அவளுக்கு. அவளுக்குப் பிறகு எந்தப் பெண்ணையும் இந்த அறைக்குள் விடமாட்டார்கள். அதெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. கடைசி டவரின் விளக்கு எரிந்து அணைந்தது.

சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

மோட்டார் சத்தம் நின்றதும் யார்டே ஊமையான மாதிரி இருந்தது. வெளியே வடம் முழுக்கத் தொட்டிகள் முன்னும் பின்னும் ஆடின. தூரத்தில் மலை மடிப்புக்கு மேலே அதிகாரியின் கூண்டும் ஆடியது. சௌந்திரம் சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். இனி அந்தச் சாவி இல்லாமல் லைன் ஓடாது.

மருதாசலம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நிறுத்திப்போட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு விறுவிறுவென்று வெளியே போனார். பூஜைக்கென்று வாங்கி வைத்திருந்த மைக்கைப் பிடுங்கினார். நின்றுபோன தொட்டிகள் நான்கைந்து கடலைக்காட்டுக்கு மேலே வரிசையாகத் தொங்கின. அதில் முதல் தொட்டி குழிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கீழேயிருந்து பார்த்தால் தொட்டிகளின் அடிப்பாகம் மட்டும்தான் தெரியும். அவற்றைப் பார்த்து அவர் மைக்கில் முழங்கினார்.

"டேய் காளியப்பா! தொட்டிக்குள்ள இருக்கறயாடா? இருந்தது தெரிஞ்சுது, இன்னையோட உன்ற வேலை போச்சு! எந்திரிடா!"

எந்த மடையன் எழுந்திருப்பான்? சௌந்திரம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். காளியப்பன் உள்ளே இருந்தால், இதைக் கேட்டபிறகு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் படுத்திருப்பான். லைன் மறுபடி ஓடும், வழக்கம்போல மேடையில் நிற்கும், யாரும் பார்க்காத நேரத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். மேடையில் நிற்காது என்பது அவனுக்குத் தெரியாதே.

தொட்டிகளில் ஒரு தலையும் முளைக்கவில்லை. மருதாசலம் திரும்பி வந்தார்.

"பாத்தயா? ஆளிருந்தா எட்டிக்கூடவா பாக்கமாட்டான்? சாவியைக் குடு."

"ஒளிஞ்சிருப்பாருங்க சார். நீங்க வேலை போச்சுன்னு சொன்னா எப்படிங்க எந்திரிப்பாரு?"

இதற்குள் யார்டில் கல் பொறுக்கும் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ட்ரோல் ரூம் வாசலுக்கே வந்துவிட்டாள். உண்ணாமலை, காளியப்பனின் பெண்டாட்டி. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, அவுரு நடந்தெல்லாம் வரமாட்டாருங்க. உள்ளங்காலு முள்ளுக் குத்திப் பழுத்துக் கெடக்குது. காத்தால போறப்பவே லாரியிலதான் ஏத்திட்டுப் போனாங்கொ."

"அப்போ மரத்தடியில படுத்திருப்பான்" என்றார் மருதாசலம்.

"படுக்கற ஆளு இல்லீங்க அவுரு."

மலை மேல் நிலையத்திலிருந்து போன் மணி அடித்தது. மருதாசலம் எடுத்தார். மேலே இருந்தவன் கத்துவது அறை முழுக்கக் கேட்டது. அந்த மடிப்பில் காற்று பலமாக அடிக்கிறதாம். கூண்டு தொட்டில் மாதிரி ஆடுகிறதாம். அதிகாரி கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கையைக் காட்டுகிறாராம், வாந்தியும் எடுத்துவிட்டாராம். மருதாசலம் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. சௌந்திரத்துக்கு அது தெரியும். அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னது அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

"அங்க ஒரு ஆளு நெசமாவே தொங்கறாரு அம்மிணி. நான் கண்ணால பாத்து ஏத்தி விட்ட ஆளு. காத்துல கூண்டு டவர்ல அடிச்சா என்ன ஆகும்? இங்க ஒருத்தன் இருக்கறானோ இல்லையோ, உனக்குந் தெரியாது எனக்குந் தெரியாது. எந்த உசுருக்கு நீ பதில் சொல்லுவே?"

அவள் கையை இன்னும் இறுக மூடினாள். சாவி வியர்வையில் வழுக்கியது.

உண்ணாமலை நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலைக்காட்டுக்குள் ஓடினாள். முதல் தொட்டிக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். சௌந்திரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"ஏனுங்க!" என்று உண்ணாமலை கூப்பிட்டாள்.

காட்டில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். "என்னாத்தா?" என்றார் ஒருவர். "எங்களையா?" என்றார் இன்னொருவர்.

"உங்களை இல்லீங்க!" அவள் மறுபடி மேலே பார்த்தாள். "ஏனுங்கோ! உங்களைத்தானுங்க! இருக்கறீங்களா?"

வரப்பில் மாடு ஓட்டி வந்தவர் நின்று, "நானு இங்கதான் இருக்கறேன், என்ன விசயம்?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சௌந்திரத்துக்குச் சிரிக்கிறவன் வாயைக் கிழிக்கலாம் போலிருந்தது.

உண்ணாமலை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் பேரைச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. சொன்னால் புருஷனின் ஆயுசு குறையுமாம். உண்ணாமலை அதிலும் ஒரு படி மேலே. காளியம்மன் கோயிலை 'ஆத்தா கோயில்' என்பாள். காலித் தொட்டியைக்கூட 'வெறுந்தொட்டி' என்பாள். ரேஷன் கடையில் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பாள், அவள்தான் சொல்லவேண்டும். அப்படிப்பட்டவளுக்கு ஆகாயத்தில் இருக்கிற புருஷனைக் கூப்பிட 'ஏனுங்க'வை விட்டால் வேறு சொல் இல்லை. அந்தச் சொல்லோ ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொது. தொட்டிக்குள் படுத்திருக்கிறவனுக்கும் அது எந்த வீட்டுக்காரியோ எவனையோ கூப்பிடுகிற குரலாகத்தானே கேட்கும்?

உண்ணாமலை அடுத்த தொட்டிக்கு ஓடினாள். அங்கேயும் "ஏனுங்கோ" என்றாள். அதற்கடுத்ததற்கு ஓடினாள். கால் தடுக்கி விழுந்தாள், எழுந்தாள். குரல் உடைந்துபோயிற்று. மறுபடி முதல் தொட்டிக்கே திரும்பி வந்து நின்றாள். ஒன்றும் அசையவில்லை.

மலைப் போன் மறுபடி அடித்தது. மருதாசலம் அதை எடுக்கவில்லை. சௌந்திரத்தின் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"பொண்டாட்டியே வந்து கூப்புட்டாச்சு. இனியும் இருப்பான்னு சொல்றயா?"

சௌந்திரம் ஜன்னலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். கூண்டு ஒரு கறுப்புப் புள்ளியாக இங்குமங்கும் போய் வந்தது. தன் சந்தேகம் தன்னுடைய பயம்தானோ, பயத்துக்காக ஒரு மனுஷனைக் காற்றில் தொங்கவிட்டிருக்கிறோமோ என்று நினைத்தாள். பச்சமுத்து பக்கம் திரும்பினாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சுவரோடு சுவராக நின்றான்.

"மெதுவா ஓட்டலாமுங்க சார். மேடையில நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டு..."

"மெதுவா ஓட்டுனா அந்தாளு இன்னும் எத்தனை நேரம் அதே எடத்துல ஆடுவாரு? குடு அம்மிணி."

விரல்களைப் பிரித்தாள். அவர்தான் சாவியை எடுத்தார். அவரே பலகையில் செருகினார். திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தார்.

"காளியப்பா!"

அந்தக் குரல் காட்டிலிருந்து வந்தது. பெண் குரல். கல் பொறுக்கும் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். செடி பிடுங்கிய ஆண்கள் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். மருதாசலத்தின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

"டேய் காளியப்பா! காளியப்பா!"

முதல் தொட்டி அசைந்தது. விளிம்பில் இரண்டு கைகள் வந்தன. பிறகு ஒரு சாக்கு, சாக்குக்குக் கீழே ஒரு தலை. கூண்டு எதிரே தாண்டிப் போனபோது அதிகாரியின் கண்ணில் படாமலிருக்க அதைப் போர்த்திக்கொண்டு படுத்தவன் இன்னும் எடுக்கவில்லை. சாக்கை உதறி எறிந்துவிட்டு, ஆடுகிற தொட்டியில் அப்படியே எழுந்து நின்றான் காளியப்பன். முகம் கோபத்தில் கறுத்துப் போயிருந்தது.

"ஏ புள்ளே! ஊரே கேட்டுட்டு நிக்குது, என்ற பேரையா சொல்லிக் கூப்புடறே? அதுலயும் டேயா? எறங்கி வந்தன்னா பாரு!"

மருதாசலம் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சூடு பட்டவர் போல அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். தொட்டிக்கும் இரும்புக் கைக்கும் நடுவே இருந்த கொஞ்ச தூரத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். பச்சமுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவனைத் தேற்ற அங்கே யாருக்கும் மனசில்லை.

சௌந்திரம் நாற்காலியில் போய் அமர்ந்தாள். பொத்தானை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியைப் பிடித்தாள். மாட்டுவண்டி வேகத்துக்கு லைனை விட்டாள். மனிதக் கை படாமல் ஓடவேண்டிய லைன், அவள் கையில் அடி அடியாக நகர்ந்து வந்து மேடைக்கு நேரே நின்றது. நாலு பேர் ஏறிக் காளியப்பனைப் பிடித்து இறக்கினார்கள். அதன் பிறகுதான் அவள் வேகத்தைக் கூட்டினாள். மலையில் கூண்டு மறுபடி நகரத் தொடங்கியது. அதிகாரி என்ன எழுதுவார், சேலம் என்ன ஆகும், நாளைக்குத் தனக்கு எந்த மேசை என்றெல்லாம் அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெளியே காளியப்பன் நொண்டிக்கொண்டே கடலைக்காட்டுக்குள் போனான், பெண்டாட்டியைக் கேட்பதற்கு. உண்ணாமலை செடிகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் ஓங்கிய கையோடு கிட்டே போவது ஜன்னலில் தெரிந்தது. கிட்டே போனவனுக்குத் திரும்பிக் குழியைப் பார்க்கவேண்டும் போலிருந்தது போலும். பார்த்தான். அப்போது ஒரு தொட்டி இரும்புக் கையில் இடித்து, தலைகீழாகக் கவிழ்ந்து, நிமிர்ந்து போயிற்று. அவன் கை மெல்லக் கீழே இறங்கியது. அவளுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தான்.

"என்ன சொல்லிக் கூப்புட்டே?" என்று கேட்டான். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை.

உண்ணாமலை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்கு நடுவே அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. சௌந்திரம் கைப்பிடியை விடாமல், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.